மழலையாசிரியர் தமிழிற் பயில்க!

நாற்றங்காலைக் காக்கத் தொழிலறியாச் சிறுவனை விட்டுவிட்டு, கதிரறுக்கும் போது மட்டும் கைதேர்ந்த ஆளைத் தேடும் உழவன் எவனும் இலன். ஆனால், கல்வி வயலில் தமிழர் செய்துவருவது அதுவே. கல்லூரியிற் கற்பிப்பவர்க்கு முதுகலைப் பட்டம் வேண்டும். உயர்நிலைப் பள்ளியிற் கற்பிப்பவர்க்கு இளங்கலையும் கல்வியியற் பட்டமும் வேண்டும். மூன்றகவைக் குழவிக்கு மட்டும் யாராயினும் ஆம் என்பது பொதுவெண்ணம். மழலைக் கல்வி பயிலக் கல்லூரிக்குச் செல்ல விரும்பும் பெண்ணிடம், "பிள்ளை மேய்க்கவும் ஒரு படிப்பா?" என்று உற்றாரே நகைக்கின்றனர்.

அந் நகைப்பு அறியாமையின் விளைவு. செருமானிய அறிஞர் பிரோபெல் 1837-இல் தாம் தொடங்கிய மழலையர் விளையாட்டுக் கூடத்திற்கு, 1840-இல் 'குழந்தைத் தோட்டம்' என்று பெயரிட்டார். 1851-இல் பிரசிய அரசு அத்தகைய பள்ளிகளைத் தடை செய்தது. 1860-இல்தான் தடை நீங்கியது. அரசே ஐயுற்று அஞ்சிய ஒன்று சிறுதொழில் ஆகுமா? மருத்துவம் பயின்ற மாண்டிசோரி அம்மையார் 1907-இல் உரோமை நகரின் ஏழையர் குடியிருப்பிற் குழந்தையர் இல்லம் திறந்தார். 1939-இல் சென்னை அடையாற்றுக்கே வந்து ஆசிரியர்க்குப் பயிற்சியளித்தார். தம் வாழ்நாளையே அவர் செலவிட்ட துறை பிள்ளை மேய்த்தலா?

இத் துறையைப் பயில்பவர் குழவியின் உடல் வளர்ச்சி, உளநூல், ஊட்டம், பேச்சு மலர்ச்சி, விளையாட்டின் பயன் ஆகியவற்றைக் கற்கிறார். அனைத்தினும் மேலாக, குழவியை உற்றுநோக்கக் கற்கிறார். ஒரு பிள்ளை வகுப்பில் வாய் திறவாதிருக்கிறது. செவிக் குறையா? அச்சமா? வீட்டில் வழங்கும் மொழி வேறா? இவற்றைப் பிரித்தறியாதவர் அப் பிள்ளையை அறிவிலி என ஒதுக்குவார். ஒரு வாழ்வு முளையிலேயே கருகும். மண் பிசைதலும் மணி கோத்தலும் விரலுக்கு உரமூட்டி எழுத்திற்கு அணியமாக்கும் பயிற்சிகள். இதை அறியாதவரே, விரல் வலுப்பெறுமுன் எழுதுகோலைத் திணித்து அடிக்கின்றனர்.

இவ் உற்றுநோக்கல் தமிழர்க்குப் புதிதன்று. பிள்ளைத்தமிழின் பருவங்களைக் காண்க. 5 ஆம் திங்களிற் கையூன்றித் தலையசைக்கும் செங்கீரை. 9 ஆம் திங்களிற் கைகொட்டும் சப்பாணி. தளர்நடையிட்டு வரும் வருகை. நிலவை விளையாட அழைக்கும் அம்புலி. மணல்வீட்டை மையமாகக் கொண்ட சிற்றில். தனியசைவு தொடங்கிக் கூட்டு விளையாட்டு வரை குழவி ஏறும் படிகளை நம் புலவர் வரிசைப்படுத்தினர். பிரோபெலையும் மாண்டிசோரியையும் கற்கும் மாணவியர் இவற்றையும் கற்க வேண்டாவோ?

நோயின் முதல் இங்கேதான் உள்ளது. ஆங்கிலக் குறிப்புகளை உருப்போட்டுத் தேர்ந்த பெண், தமிழ்க் குழவியின் முன் சொல்லற்று நிற்கிறாள். பிள்ளை முற்றத்தில் ஓர் இலையை எடுத்து நீட்டுகிறது. தமிழிற் பயின்றவர் கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என ஐந்தையும் தேடி எடுத்துவரச் சொல்வார். ஐந்து சொல்லோடு இலையின் வாழ்வு முழுவதும் பிள்ளைக்கு விளங்கும். மற்றவரோ ஓர் ஆங்கிலச் சொல்லைப் பத்துமுறை கூவச் சொல்லி அமைவார். எது கல்வி?

நியூசிலாந்தின் மாவோரி மக்கள், தம் மொழி அழிவை நெருங்குவது கண்டு 1982-இல் 'மொழிக்கூடு' என்னும் பெயரில் மழலையர் கூடங்களை அமைத்தனர். மொழி காக்கும் அரண் மழலையர் வகுப்பே என்பதை அவர்கள் உணர்ந்தனர்.

தமிழ்நாட்டு நிலை என்ன? 2019 சனவரியில் 2,381 குழந்தை நடுவங்களில் மழலையர் வகுப்புகளை அரசு தொடங்கியது. அவற்றுக்கு அனுப்பப்பட்டோர் தொடக்கப் பள்ளிக்கெனப் பயின்ற இடைநிலை ஆசிரியர்; மழலையர்க்கெனப் பயின்றோர் அல்லர். குறை அவர்களுடையதன்று, ஆளை அணியமாக்காமலே வகுப்பைத் திறந்தவர்களுடையது. அந் நடுவங்களுக்கு வழங்கும் 'அங்கன்வாடி' என்னும் பெயர்கூட வடக்கிலிருந்து வந்ததே. முற்றம் என்னும் நற்றமிழ்ச் சொல் இருந்தும் நாம் அதைப் பேணவில்லை.

ஆதலின், மழலைக் கல்வியை அரசு கல்லூரிகளில் தனித்துறையாக்குக! அதனைத் தமிழிலேயே கற்பிக்க நூல்கள் செய்க! பயின்று வருவோர்க்குத் தொடக்கப் பள்ளி ஆசிரியர்க்கு நிகரான ஊதியமும் நிலைத்த பணியும் வழங்குக!

தமிழ்ப் பெற்றோரே! மழலைக் கல்வி பயில விரும்பும் மகளைத் தடுக்காதீர். மகன் விரும்பினும் எள்ளாதீர். தாயின் மடியிலிருந்து இறங்கும் தமிழ்க் குழவியை ஏந்தும் முதற் கை, கற்ற கையாகவும் தமிழ்க் கையாகவும் இருக்கட்டும்!