பெயர் தந்த ஞானத்தந்தை



அண்மையில் நம் இல்லத்தில் பேரக்குழந்தைக்குத் திருமுழுக்கு நடைபெற்றது. விருந்து முடிந்து வீட்டார் அமர்ந்திருக்கையில் மூத்த பேரன், "தாத்தா, நமக்கு ஏன் பர்னாந்து என்று பெயர்? நாம் போர்த்துக்கீசியரா?" என்று வினவினான். நம் தமையனார் மீசையை நீவியவாறு, "ஆம், கப்பலேறி வந்த தளபதியின் வழித்தோன்றல்கள் நாம்" என்றார். நாமும் சிறுவயது முதல் கேட்டு வளர்ந்த கதைதான் அது.

வரலாறு கூறுவது வேறு. முத்துக்குளித்துறைப் பரதவர் 1535 முதல் 1537 வரையிலான ஆண்டுகளில் ஊர் ஊராகத் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் ஏறத்தாழ 20,000 பேர் என்பர். புனித சவேரியார் இக்கரைக்கு வந்தது 1542இல்தான். திருமுழுக்கின்போது ஞானத்தந்தையாய் நின்ற போர்த்துக்கீசியரின் பெயரே புதுக் கிறிஸ்தவர்க்கும் வழங்கலாயிற்று. பர்னாந்து, கோமஸ், பெரைரா, மச்சாது முதலிய பெயர்கள் இவ்வாறு வந்தவையே. பெரைரா என்பது அம்மொழியில் பேரிக்காய் மரத்தைக் குறிக்கும். மச்சாது என்றால் கோடரி. எனவே பெயர் ஒன்றாயிருப்பதால் இரத்தமும் ஒன்றென்று கொள்வதற்கில்லை.

பேரனின் ஆவலைக் கண்டு, நம் பாட்டனாரின் தந்தையார் பிறந்த கடற்கரைப் பங்கிற்குத் தமையனாரையும் அழைத்துக்கொண்டு சென்றோம். பங்குகள் பதிவேடு வைக்கவேண்டுமெனத் திரிதெந்து பொதுச்சங்கம் 1563இல் விதித்தது. அவ்விதியின் பயனை அன்று கண்ணாரக் கண்டோம். பங்குத் தந்தை எடுத்துவைத்த பழைய ஏட்டில், இலத்தீனில் எழுதிய நான்கே வரிகள். பூட்டனாரின் திருமுழுக்குப் பெயர் இருந்தது. ஆனால் பெற்றோர் என்னுமிடத்தில், 'அறியப்படாதவர்' என்றிருந்தது! ஞானத்தந்தையாக அவ்வூர்ப் பர்னாந்து ஒருவரின் பெயர் காணப்பட்டது. திருமண ஏட்டைப் புரட்டினோம். அதே மனிதரின் வளர்ப்பு மகனாக, அவருடைய குடும்பப்பெயரோடு, பூட்டனார் மணமேடை ஏறியிருந்தார்.

தமையனாரின் முகம் கறுத்தது. "ஏட்டை மூடச் சொல். பிள்ளைகள் காதில் இது விழவேண்டாம்" என்றார்.

நமக்கும் நெஞ்சு கனத்தது. எனினும் மறைக்க மனம் ஒப்பவில்லை. அன்றிரவே பேரனிடம் உள்ளதை உள்ளபடி உரைத்தோம். அவன் சிறிது நேரம் எண்ணியிருந்து, "அப்படியானால் அந்த ஞானத்தந்தை இல்லாவிட்டால் நாம் ஒருவருமே இல்லை, அல்லவா தாத்தா?" என்றான். தமையனார் மறுமொழி கூறவில்லை. மறுநாட்காலை, நவம்பர் 2ஆம் நாள் திருப்பலிக்கு ஒப்புக்கொடுக்க வேண்டிய நம் வீட்டு இறந்தோர் பட்டியலைத் தாமே கேட்டு வாங்கினார். அதன் தலையில் அந்த ஞானத்தந்தையின் பெயரை எழுதினார்.

அன்பர்களே, நீங்களும் உங்கள் முன்னோரைத் தேடிப் பாருங்கள். முதலில் வீட்டுப் பெரியோரைக் கேளுங்கள். பின்னர் பாட்டனார் பாட்டியாரின் திருமணப் பதிவிலிருந்து பின்னோக்கிச் செல்லுங்கள். ஞானப்பெற்றோர் பெயர்களையும் குறித்துக்கொள்ளுங்கள். பங்கின் ஏடு செல்லரித்துப் போயிருப்பின் ஆயர் இல்லத்தில் விசாரியுங்கள். பதிவேடுகளின் படியை ஆண்டுதோறும் அங்கு அனுப்பவேண்டுமென 1917ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தொகுப்பு பணித்திருந்தது.

தேடிக் கிடைப்பது தளபதியாக இல்லாதிருக்கலாம். அதற்காக ஏட்டை மூடவேண்டா. தன் பெயரைப் பிறர் பிள்ளைக்கு மனமுவந்து ஈந்த ஒருவர் அங்கே நமக்காகக் காத்திருக்கக்கூடும். அடுத்த முறை ஒரு குழந்தைக்கு ஞானத்தந்தையாய் நிற்க நம்மை அழைக்கும்போது, அவரை நினைவிற்கொள்வோமாக.