விடுப்பு நாட்கள் யாருடைய ஹக்கு?

அளவற்ற அருளாளனும் நிகரற்ற அன்புடையோனுமாகிய அல்லாஹ்வின் திருப்பெயரால்...

 

வளைகுடாக் கடலில் நிற்கும் எண்ணெய் ரிக்குகளில் நம் சமுதாயத்து இளைஞர்கள் பலர் பணியாற்றுகின்றனர். நம் பாட்டன்மார் காலத்துச் சபுராளிகள் கப்பலேறினால் ஊர் திரும்ப ஆண்டுகள் ஆகும். வளைகுடாவின் கரையில் வேலை செய்யும் சகோதரர்கள் பலர் இன்றும் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை கிடைக்கும் விடுப்புக்காகக் காத்திருக்கின்றனர். ரிக் ஊழியர்களின் நிலை வேறு. அவர்களில் பலருக்கு 28 நாட்கள் கடலில் வேலை, அடுத்த 28 நாட்கள் விடுப்பு. சபுராளிகளின் வீடுகளுக்கு இதற்குமுன் வாய்க்காத நிஃமத் இது.

அந்த நிஃமத்தை நாம் என்ன செய்துகொண்டிருக்கிறோம்? சில ஆண்டுகளாக ஒரு வழக்கம் பரவி வருகிறது. ரிக்கிலிருந்து இறங்கும் இளைஞர் ஊருக்கு வருவதில்லை. விமான நிலையத்திலிருந்தே பாகுவுக்கோ, திபிலிசிக்கோ, பாங்காக்கிற்கோ நண்பர்களுடன் புறப்பட்டு விடுகிறார். பத்துப் பன்னிரண்டு நாட்கள் சுற்றி முடித்த பின்னரே வீட்டு வாசலை மிதிக்கிறார். படங்கள் கைப்பேசியில் வந்து குவிகின்றன. ஊரும் "மாஷா அல்லாஹ்" என்று மெச்சுகிறது. மெச்சுவோர் வரிசையில் நாம் நிற்கவில்லை. 28 நாள் விடுப்பில் முதல் உரிமை, அவரை எதிர்பார்த்துக் காத்திருக்கும் குடும்பத்துக்கு உரியது. அதைக் கொடுத்து முடித்த பிறகே மற்றவருக்கும் மற்றவைக்கும் பங்கு உண்டு. நாம் வலியுறுத்த விரும்புவது இந்த ஒன்றைத்தான்.

உழைப்பின் கடுமை

ரிக் வேலையின் கடுமையை அறியாமல் நாம் பேசவில்லை. நாளொன்றுக்குப் பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். வார விடுமுறை கிடையாது. 28 நாட்களில் 336 மணி நேரம் உழைக்க வேண்டும். இரவு ஷிப்ட் கிடைத்தவர் பகலில் உறங்கி, பொழுது சாய்ந்தபின் எழுவார். காலடியில் கொதிக்கும் இரும்புத் தளம். காதைச் செவிடாக்கும் இயந்திர இரைச்சல். நெஞ்சில் எந்நேரமும் நச்சு வாயுக் கசிவின் அச்சம். ஹெலிகாப்டரில் ஏறுமுன்னரே, அது கடலில் கவிழ்ந்தால் நீருக்கடியிலிருந்து தப்பும் பயிற்சியைப் பெற்றாக வேண்டும்.

அந்த அச்சம் வீணானதன்று. 1988 ஜூலையில் வட கடலின் பைப்பர் ஆல்ஃபா மேடை தீப்பற்றியதில் 167 பேர் மாண்டனர். 2005 ஜூலையில் மும்பை ஹை எண்ணெய் மேடை ஒன்று எரிந்ததில் 22 பேர் உயிரிழந்தனர். 2021 மே மாதம் டவ்தே புயலில் அதே கடற்பகுதியில் பி-305 என்ற மிதவை மூழ்கியபோது எழுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். மகன் கடலில் இருக்கும் 28 இரவுகளும் தஹஜ்ஜுத் வேளையில் கையேந்தும் உம்மாவுக்கு இவை வெறும் செய்திகள் அல்ல.

ஆகவே அவருக்கு ஓய்வு வேண்டும் என்பதில் நமக்குக் கருத்து வேறுபாடே இல்லை. அந்த ஓய்வை அவர் எங்கே, யாருடன் தேடுகிறார் என்பதே நம் கேள்வி.

நாட்களின் கணக்கு

சம்பளத்தைக் கணக்கிடத் தெரிந்த நாம் நாட்களையும் கணக்கிட்டுப் பார்ப்போம். 28 நாள் வேலை, 28 நாள் விடுப்பு என்றால் ஆண்டில் பாதி, அதாவது 182 நாட்கள் விடுப்பாகும். ஒவ்வொரு விடுப்பிலும் 12 நாட்களைச் சுற்றுலா எடுத்துக்கொண்டால் ஆண்டுக்கு 78 நாட்கள் போய்விடும். மிஞ்சுவது 104. அப்படியே பத்து ஆண்டுகள் கழிந்தால், பத்து வயதுப் பிள்ளை தன் வாப்பாவுடன் ஒரே கூரையின் கீழ் வாழ்ந்த காலம் முழுதாக மூன்று ஆண்டுகள்கூட இராது.

அந்த 104 நாட்களிலும் நிகாஹ் வீடுகள், கட்டட வேலை, வங்கி, உறவினர் வழக்குகள் ஆகியவை போக எஞ்சுவது எவ்வளவு? மக்தபுக்கு ஓத வரும் பிள்ளைகளிடம் நாம் இதன் விளைவைக் காண்கிறோம். வாப்பா கடலிலிருந்து இறங்கும் தேதியை அவர்கள் விரல்விட்டு எண்ணி வைத்திருக்கிறார்கள். அந்தத் தேதி கடந்த பின்னும் வாப்பா வரவில்லை என்றால், "வேலை" என்று சொல்லி அந்தப் பிள்ளையைத் தேற்ற முடியுமா? வாப்பாவின் படம் உம்மாவின் கைப்பேசியில் இருக்கிறதே!

மார்க்கம் காட்டும் வழி

பயணம் வேதனையின் ஒரு பகுதி என்றும், அது உணவையும் பானத்தையும் உறக்கத்தையும் தடுத்துவிடும் என்றும், தேவை நிறைவேறியதும் விரைந்து குடும்பத்தாரிடம் திரும்ப வேண்டும் என்றும் நபி (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை புகாரி, முஸ்லிம் இரு நூல்களிலும் காண்கிறோம். பயணிக்குத் தொழுகையைச் சுருக்கவும் நோன்பைப் பிற்படுத்தவும் ஷரீஅத் சலுகை அளித்திருப்பதும் பயணத்தைச் சிரமமாகக் கருதியே. ரிக்கில் வேலை முடிந்த அன்றே அவருடைய தேவை நிறைவேறிவிட்டது. அதன்பின் விரைய வேண்டிய திசை எது?

மாலிக் பின் அல்ஹுவைரிஸ் (ரலி) அவர்களும் அவர்களுடைய வயதொத்த இளைஞர்களும் நபி (ஸல்) அவர்களிடம் வந்து இருபது இரவுகள் தங்கினர். அவர்கள் வந்தது கேளிக்கைக்காக அல்ல, மார்க்கம் கற்பதற்காக. உலகில் அதனினும் மேலான அவை எது? ஆயினும் அவர்கள் வீட்டை எண்ணி ஏங்குவதை உணர்ந்த நபி (ஸல்) அவர்கள், யார் யாரை விட்டு வந்தீர்கள் என்று விசாரித்து, குடும்பத்தாரிடம் திரும்பிச் சென்று அவர்களுக்குக் கற்பிக்குமாறு பணித்து அனுப்பினார்கள். இருபது இரவுகளுக்குப் பின் இளைஞர்களின் ஏக்கத்தை அந்த இரக்கமிகு தூதர் கவனித்தார்கள். 28 இரவுகளுக்குப் பின்னும் தம் வீட்டாரின் ஏக்கம் தெரியாதவரை என்னவென்று சொல்வது?

கணவன் போருக்குச் சென்றுவிட்ட ஒரு பெண் இரவில் புலம்பியதைக் கேட்ட கலீஃபா உமர் (ரலி) அவர்கள், தம் மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் ஆலோசித்து, படைவீரர்கள் வீட்டைப் பிரிந்திருக்கும் காலத்துக்கு வரம்பு விதித்தார்கள் என்று அறிவிப்புகள் கூறுகின்றன. நான்கு மாதம் என்றும் ஆறு மாதம் என்றும் அந்த வரம்பு பதிவாகியுள்ளது. "எங்கள் பிரிவு நாற்பது நாட்கள்தானே?" என்று வாதிடுவோர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். அந்த வீரர்களைப் பிரித்து வைத்தது எல்லைக் காவல். இவர்களைப் பன்னிரண்டு நாட்கள் கூடுதலாகப் பிரித்து வைப்பது கேளிக்கை. பிழைப்புக்கான பிரிவை மனைவி சபுரோடு தாங்கிக்கொள்கிறாள். உல்லாசத்துக்கான பிரிவையும் அவள் ஏன் தாங்க வேண்டும்?

சொல்லப்படும் நியாயங்கள்

"உடலுக்கும் ஹக்கு உண்டே" என்பது முதல் வாதம். உண்மைதான். ஆனால் ஸல்மான் (ரலி) அவர்கள் அபுத்தர்தா (ரலி) அவர்களுக்குச் சொன்ன அறிவுரையில், தன்னுடைய ஹக்கோடு குடும்பத்தாரின் ஹக்கும் சேர்ந்தே கூறப்பட்டது. உரியவருக்கு உரியதைக் கொடுக்குமாறு சொல்லப்பட்டது. நபி (ஸல்) அவர்களும் அதை உண்மையென ஏற்றார்கள். அதில் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ள நமக்கு அனுமதி இல்லை. மேலும், நான்கு நகரங்களுக்குப் பறந்து, நள்ளிரவு வரை விழித்திருந்து, களைத்துத் திரும்புவது எந்த வகை ஓய்வு?

"பூமியில் சுற்றிப் பாருங்கள் என்று குர்ஆனே கூறுகிறதே" என்பது இரண்டாவது வாதம். கூறுகிறது, எதற்காக என்பதையும் சேர்த்தே கூறுகிறது. படைப்பு எவ்வாறு தொடங்கியது என்று சிந்திக்கவும், பொய்ப்பித்தவர்களின் முடிவைக் கண்டு படிப்பினை பெறவும் அந்த அழைப்பு விடுக்கப்பட்டது. அந்தச் சிந்தனையோடு பயணம் செய்பவரை நாம் வாழ்த்துவோம். ஆனால் ஃபஜ்ரை உறக்கத்திலும் ஜும்ஆவைக் கடைவீதியிலும் தொலைத்துவிட்டு அந்த வசனத்தைத் துணைக்கு அழைப்பது அல்லாஹ்வின் வேதத்துக்கு இழைக்கும் அநீதியாகும்.

மூன்றாவது வாதம் வருமான வரி. வேலை நிமித்தம் வெளிநாடு சென்ற இந்தியக் குடிமகன் ஒரு நிதியாண்டில் 182 நாட்கள் தாய்நாட்டில் தங்கிவிட்டால், சட்டம் பொதுவாக அவரை இங்கு வசிப்பவராகவே கொள்ளும். வெளிநாட்டுச் சம்பளமும் வரிக் கணக்கிற்குள் வரும். சரிபாதி விடுப்புள்ள ரிக் ஊழியர் அந்த எல்லையின் விளிம்பில் நிற்பவர்தாம். சட்டத்துக்கு உட்பட்டுச் சில நாட்களை வெளியே கழிப்பதை நாம் குறை கூறவில்லை. ஆனால் விளிம்பைத் தாண்டாமல் இருக்க ஆண்டுக்குச் சில நாட்கள் போதுமே, 78 எதற்கு? அந்தச் சில நாட்களிலும் மனைவி மக்களை உடன் அழைத்துச் செல்ல யார் தடுத்தது? வரித்துறைக்காகக் கடவுச்சீட்டு முத்திரைகளைப் பார்த்துப் பார்த்து நாட்களை எண்ணுபவர், பிள்ளைக்குக் கொடுத்த நாட்களை ஒருமுறையேனும் எண்ணியதுண்டா? முதல் கணக்கில் தவறினால் பணம் போகும். இரண்டாவது கணக்கை மறுமையில் கேட்பவன் அல்லாஹ்.

வீட்டாரும் பதில் சொல்ல வேண்டும்

நான்காவதாக ஒரு நியாயம் உண்டு. அதை இளைஞர்கள் வெளியே சொல்வதில்லை. "ஊருக்கு வந்தால் நிம்மதி இல்லை" என்பதே அது. இதில் உண்மை இருக்கிறது. இந்த இடத்தில் நம் கண்டனம் வீட்டாரின் பக்கமும் திரும்புகிறது.

மகன் பெட்டியை இறக்கி வைக்குமுன்னே கடன் கேட்போர் கூடத்தில் அமர்ந்திருக்கின்றனர். தங்கைக்குக் கைக்கூலி கொடுக்க இத்தனை இலட்சம், மாடி எழுப்ப இத்தனை இலட்சம் என்ற பட்டியல் முதல் இரவே விரிகிறது. மாமியார் மருமகள் வழக்குக்கு அவரே நீதிபதியாக்கப்படுகிறார். 336 மணி நேரம் இரும்போடு போராடியவரை வங்கி இயந்திரத்தைப் போல நடத்தினால், அவர் வேறு நாட்டில் நிழல் தேடுவதில் வியப்பென்ன? அதிலும் கைக்கூலி என்ற பாவத்துக்காக ஒரு மகனைக் கடலிலேயே கட்டி வைக்கும் குடும்பமும், அதற்குச் சாட்சியாக நிற்கும் ஜமாஅத்தும் சுற்றுலா செல்பவரைக் கண்டிக்கத் தகுதி உடையவை அல்ல.

செய்ய வேண்டியவை

நபி (ஸல்) அவர்கள் பயணத்திலிருந்து திரும்பினால் முதலில் பள்ளிவாசலுக்குச் சென்று இரண்டு ரக்அத் தொழுவார்கள். குடும்பத்துச் சிறுவர்களை எதிரே அழைத்துச் சென்று அவர்களை வரவேற்பார்கள். ஒருமுறை அப்துல்லாஹ் பின் ஜஃபர் (ரலி) அவர்களை முன்னாலும், ஃபாத்திமா (ரலி) அவர்களின் புதல்வர்களில் ஒருவரைப் பின்னாலும் அமர்த்தி, மூவரும் ஒரே வாகனத்தில் மதீனாவுக்குள் நுழைந்தார்கள் என்று முஸ்லிமில் பதிவாகியுள்ளது. கடலிலிருந்து இறங்கும் வாப்பாமார்களுக்கு இதைவிட அழகிய முன்மாதிரி எங்கே கிடைக்கும்?

எனவே ரிக்கிலிருந்து இறங்கும் சகோதரர் முதலில் வீட்டுக்கு வரட்டும். முதல் வாரம் எவரும் அவரிடம் பணப் பேச்சு எடுக்காதிருக்கட்டும். அவர் உறங்கட்டும், பிள்ளையின் கைபிடித்துப் பள்ளிவாசலுக்கு நடக்கட்டும், உம்மாவின் அருகில் அமரட்டும். ஊர் சுற்றும் ஆசை இருந்தால், ஆண்டில் ஒரு விடுப்பில் குடும்பத்தோடு செல்லட்டும். வசதி இருப்பின் பெற்றோரை உம்ராவுக்கு அழைத்துச் செல்லட்டும். மனைவியின் மனம் ஒப்பி நண்பர்களுடன் இரண்டு மூன்று நாட்கள் செல்வதையும் நாம் தடுக்கவில்லை. வரிசை மாறாதிருக்க வேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

சம்பளம் குறைந்தால் அடுத்த ஒப்பந்தத்தில் கூடலாம். பிள்ளையின் ஐந்தாவது வயது அடுத்த ரொட்டேஷனில் திரும்பி வராது.

கடலில் உழைக்கும் நம் சகோதரர்கள் அனைவரையும் வல்ல அல்லாஹ் பாதுகாத்து, அவர்களின் ரிஸ்கில் பரக்கத் செய்து, ஒவ்வொரு முறையும் குடும்பத்தாரிடம் நலமாகக் கொண்டு சேர்ப்பானாக! அவர்கள் விரும்பி வந்து சேரும் இல்லங்களாக நம் இல்லங்களை ஆக்குவானாக! ஆமீன்.