‘அடுத்து என்ன?’ என்ற கேள்விக்கும் சாதி உண்டு

கல்லூரி ஆண்டு மலர்களிலும் நாளிதழ்களின் கல்விப் பக்கங்களிலும் ‘சாதனை மாணவர்கள்’ என்றொரு பகுதி வரும். படம், பெயர், மதிப்பெண், பதக்கம். கடைசி வரி ‘எதிர்காலத் திட்டம்’. மூளையையும் நரம்புகளையும் ஆராயும் நரம்பறிவியல் பக்கம் போகிற இளநிலை மாணவர் என்றால் அந்த வரி அநேகமாக இப்படி இருக்கும்: கோடையில் ஒரு பெரிய ஆய்வகத்தில் பயிற்சி முடித்திருக்கிறார், மாநாட்டில் கட்டுரை வாசித்திருக்கிறார், அடுத்து வெளிநாட்டில் முனைவர் பட்டம் படிக்கப் போகிறார். படிக்கிறவர்களுக்கு எல்லாமே அந்தப் பிள்ளையின் சொந்த உழைப்பாகத் தெரியும். மதிப்பெண் உழைப்பில் வரலாம். திட்டம் அப்படி வருவதில்லை. அது அப்பாவின் நண்பரிடமிருந்து, பெங்களூரில் இருக்கும் சித்தப்பாவிடமிருந்து, ‘இப்போதே விண்ணப்பித்துவிடு’ என்று சொல்லும் பேராசிரியரிடமிருந்து வருகிறது. நிலத்தைப் போல அதுவும் பரம்பரைச் சொத்து.

நான் உயிரியலில் ஆய்வு மாணவன். விடுமுறைக்கு ஊருக்கு வரும்போதெல்லாம் தஞ்சாவூர் பக்கத்தில் ஒரு சேரியின் இரவுப் பாடசாலையில் பாடம் எடுக்கிறேன். அங்கே உதவிக்கு வரும் ஒரு தங்கை அரசுக் கல்லூரியில் விலங்கியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறார். தாய், தகப்பன் இருவரும் வயல் கூலி. ஒரு நாள் பிள்ளைகள் போன பிறகு அவர் கேட்டார்: “அண்ணே, எங்க அப்பாயிக்கு வாதம் வந்து வலது கையும் காலும் விழுந்துடுச்சு. பேச்சும் போயிடுச்சு. தண்ணி வேணும்னுகூட சொல்ல வரல. ஆனா நடவுப் பாட்டு மட்டும் பாடுது, வார்த்தையோட. அது எப்புடி?”

இந்தக் கேள்விக்கு ஒரு வரலாறு உண்டு. பெரும்பாலானவர்களுக்குப் பேச்சை ஆளும் பகுதிகள் இடப்பக்க மூளையில் இருக்கின்றன. பால் புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1860-களில் இதைக் கண்டு சொன்னார். அங்கே ரத்த ஓட்டம் அடைபட்டால் வலது கையோடு பேச்சும் போகலாம். ஆனால் பழகிய பாட்டு பலருக்குத் தப்பித்துக்கொள்கிறது. அதைப் பிடித்துக்கொண்டு, மெட்டின் வழியாகப் பேச்சை மீட்கும் சிகிச்சை முறையை 1970-களில் அமெரிக்காவில் உருவாக்கினார்கள். பாட்டைக் காப்பாற்றுவது வலப்பக்க மூளையின் மெட்டா, அல்லது பல்லாயிரம் முறை பாடிப் பழகிய சொல் வரிசையா என்பதில் ஆய்வாளர்களுக்குள் இன்றும் கருத்து வேறுபாடு இருக்கிறது. நம் தங்கை அந்த விவாதத்தின் நடுவில் போய் நின்றிருக்கிறார், அப்படி ஒரு விவாதம் நடப்பதே தெரியாமல்.

“அடுத்து என்ன பண்ணப் போற?” என்று கேட்டேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு சொன்னார்: “பி.எட். படிக்கலாம்னு வீட்ல சொல்றாங்க. இல்லன்னா டிஎன்பிஎஸ்சி.”

அந்தப் பதிலைக் குறைத்துச் சொல்ல எனக்கு வாயில்லை. மிராசுதார் வீட்டு வாசலில் கைகட்டி நிற்காமல் வாழ நம் மக்களுக்கு வழி திறந்தது அரசு வேலை. கூலி நெல்லை உயர்த்திக் கேட்டுப் போராடியதற்காக 1968இல் கீழ்வெண்மணியில் 44 பேரை எரித்துக் கொன்ற மண் இது. அந்தத் தலைமுறையின் பேரப்பிள்ளைகள்தான் இன்று சரபோஜி கல்லூரியிலும், குந்தவை நாச்சியார் கல்லூரியிலும், கும்பகோணம், திருவாரூர் அரசுக் கல்லூரிகளிலும் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்கள் முதலில் பாதுகாப்பைத் தேடுவதில் தவறே இல்லை. எனக்குள்ள கேள்வி வேறு. இப்படி ஒரு கேள்வியைக் கேட்கத் தெரிந்தவருக்கு, அதைத் தொடர்ந்து போக ஒரு பாதை இருப்பதே ஏன் தெரியாமல் போனது?

‘திறமை இருந்தால் தானாக வெளியே வரும்’ என்பார்கள். அதற்கு டெல்டாவிலேயே கிடைக்கும் உதாரணம் கும்பகோணத்தின் ராமானுஜன். அவர் மேதை, ஏழை. இரண்டிலும் ஐயமில்லை. ஆனால் கதையை முழுதாகப் படிப்போம். கும்பகோணம் அரசுக் கல்லூரியில் கணிதம் தவிர்த்த பாடங்களில் தோற்று உதவித்தொகையை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரிக்குப் போய் அங்கும் எஃப்.ஏ. தேறவில்லை. இன்றைய கணக்கில் அவர் ‘அரியர்’ மாணவர். அதன் பிறகு என்ன நடந்தது? 1910இல் டெபுடி கலெக்டர் ராமசாமி ஐயரைப் போய்ப் பார்க்க முடிந்தது. அவர் கொடுத்த அறிமுகக் கடிதங்கள் சென்னையில் வேலை செய்தன. நெல்லூர் கலெக்டர் ராமச்சந்திர ராவ் மாதாமாதம் பணம் கொடுத்தார். துறைமுகக் கழகத்தில் எழுத்தர் வேலை கிடைத்தது. அங்கே தலைமைக் கணக்கராக இருந்த நாராயண ஐயரும் கணிதம் அறிந்தவர். 1913இல் சென்னைப் பல்கலைக்கழகம், பட்டமே வாங்காத அவருக்கு மாதம் 75 ரூபாய் ஆய்வு உதவித்தொகை கொடுத்தது.

விதியைத் தளர்த்தியது சரிதான். கேள்வி, யாருக்குத் தளர்ந்தது என்பது. அதே கும்பகோணத்துக்கு வெளியே ஒரு பறையர் தெருவில் ஒரு பையன் சிலேட்டில் தொடர்வரிசைகளைப் போட்டிருந்தால், எந்த ஐயர் வீட்டுத் திண்ணையில் ஏறி அதைக் காட்டியிருப்பான்?

அதே 1913இல் இன்னொரு இளைஞர் பரோடா மன்னரின் உதவித்தொகையோடு நியூயார்க்குக்குக் கப்பல் ஏறினார். கொலம்பியாவில் படித்தார், லண்டனுக்கு மாறினார், 1917இல் உதவித்தொகைக் காலம் முடிந்ததும் படிப்பைப் பாதியில் விட்டுத் திரும்பினார். ஒப்பந்தப்படி பரோடாவில் வேலைக்குச் சேர்ந்தால் தங்க வீடு கிடைக்கவில்லை. பியூன்கள்கூட கோப்பைக் கையில் கொடுக்காமல் மேசைமேல் வீசினார்கள். பாபாசாகேப் மீண்டும் லண்டன் போக மூன்று ஆண்டுகள் பணம் சேர்க்க வேண்டியிருந்தது. ஒருவருக்குத் தோல்விக்குப் பிறகும் கதவு திறந்தது. மற்றவருக்குச் சாதனைக்குப் பிறகும் மூடியது.

நரம்பறிவியலுக்கே வருவோம். உலகம் அறிந்த தமிழ் நரம்பறிவியலாளர் விளையனூர் ராமச்சந்திரன். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் மாணவராக இருக்கும்போதே பார்வை பற்றிய அவரது ஆய்வு ‘நேச்சர்’ இதழில் வந்தது. இளநிலை மாணவரின் சாதனை என்றால் இதைவிடப் பெரிதாக ஒன்றைச் சொல்ல முடியாது. தந்தை வெளிநாடுகளில் பணியாற்றியவர். தாத்தா அல்லாடி கிருஷ்ணசாமி ஐயர், அம்பேத்கர் தலைமையிலான அரசியலமைப்பு வரைவுக் குழுவின் உறுப்பினர். ராமச்சந்திரனின் அறிவை இது குறைக்கவில்லை. ‘நேச்சர்’ என்று ஓர் இதழ் உண்டு, இருபது வயதில் அதற்கு எழுதலாம் என்ற எண்ணம் எந்த வீடுகளில் இயல்பாக முளைக்கும் என்பதைத்தான் இது காட்டுகிறது.

இதை நாம் மட்டும் சொல்லவில்லை. மனம் பற்றிய அறிவியலே சொல்கிறது. கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தி 2006இல் முடிவுகளை வெளியிட்டார்கள். ‘உயர்’ சாதிச் சிறுவர்கள் 321 பேர், ‘தாழ்ந்த’ சாதிச் சிறுவர்கள் 321 பேர். காகிதத்தில் வரைந்த சிக்கல் பாதையில் வழி கண்டுபிடிக்க வேண்டும், சரியாக முடித்தால் காசு. யாருடைய சாதியும் சொல்லப்படாதபோது இரு தரப்புக்கும் வித்தியாசம் இல்லை. எல்லார் முன்னாலும் பெயரோடு சாதியையும் படித்த பிறகு தலித் சிறுவர்கள் முடித்த எண்ணிக்கை சரிந்தது. அதே பிள்ளை, அதே மூளை. இடையில் நுழைந்தது ஒரு சொல்.

இன்னொரு ஆய்வு நம் மாநிலத்திலேயே நடந்தது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பகுதிகளில் 464 கரும்பு விவசாயிகளிடம் அறுவடைக்கு முன்னும் பின்னும் ஒரே வகைச் சிந்தனைத் தேர்வுகளை வைத்தார்கள். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்தைய காலத்தில் அதே ஆட்கள் குறைவாகச் செய்தார்கள். 2013இல் ‘சயின்ஸ்’ இதழ் இதை வெளியிட்டது. அவர்களின் மூளையில் குறை இருந்தது என்று இதற்குப் பொருளல்ல. மூளை கடனைக் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. அவர்கள் சாகுபடி செய்து, அறுவடைக்குக் காத்திருந்தவர்கள். அறுவடையே தன்னுடையதாக இல்லாத கூலி வீட்டுப் பிள்ளை தேர்வு மண்டபத்தில் எத்தனை கணக்குகளோடு உட்கார்ந்திருக்கும்?

இத்தனையும் கண்டுபிடிக்கப்பட்ட பிறகும், மூளையை ஆராயும் நிறுவனங்களை நம் சட்டம் எப்படி வைத்திருக்கிறது? ஒன்றிய அரசின் கல்வி நிறுவனங்களில் மாணவர் சேர்க்கைக்கான 2006ஆம் ஆண்டு இடஒதுக்கீட்டுச் சட்டத்தில் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது. சிறப்பு நிறுவனங்கள், ஆராய்ச்சி நிறுவனங்கள், நாட்டுக்கு முக்கியமான நிறுவனங்கள் என்று சொல்லி எட்டு பெயர்களை அதில் சேர்த்தார்கள். ஹரியாணாவின் மானேசரில் உள்ள தேசிய மூளை ஆராய்ச்சி மையம் அதில் ஒன்று. டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனம் இன்னொன்று. பெங்களூரில் நரம்பறிவியல் ஆய்வுகள் நடக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையம் அதன் கீழ்தான் வருகிறது. 2019இல் ஆசிரியர் பணியிடங்களுக்குத் தனிச் சட்டம் வந்தபோதும் இந்த வகை விலக்கு தொடர்ந்தது. ‘சிறப்பு’ இருக்கும் இடத்தில் இடஒதுக்கீடு கூடாது என்பதைச் சட்ட வாசகமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள்.

பட்டியலுக்கு வெளியே உள்ள இடங்களும் மேலானவை அல்ல. முன்னணி ஐஐடிகளிலும் இந்திய அறிவியல் நிறுவனத்திலும் பேராசிரியர்களில் தலித்துகளும் பழங்குடியினரும் சேர்ந்தே ஒரு விழுக்காட்டுக்கும் குறைவு என்று 2023 ஜனவரியில் தகவல் உரிமைச் சட்டத்தின் வழி பெற்ற தரவோடு வெளியிட்டது, அதே ‘நேச்சர்’ இதழ்தான்.

இந்த வாசல்வரை வந்து சேர்வதும் எளிதல்ல. நரம்பறிவியலை இளநிலைப் பட்டமாகவே நம் அரசுக் கலைக் கல்லூரிகளில் படிக்க முடியாது. விலங்கியலோ உயிர்வேதியியலோ உளவியலோ படித்து, பிறகு நுழைவுத்தேர்வுகள் எழுதி மாற வேண்டும். அதற்கு முன்படி கோடை ஆய்வுப் பயிற்சி. நாட்டின் மூன்று அறிவியல் கழகங்கள் சேர்ந்து இதற்கு உதவித்தொகையே தருகின்றன. ஆங்கிலத்தில் ஒரு சிறு குறிப்பும், ஆசிரியரின் பரிந்துரைக் கடிதமும் வேண்டும். விண்ணப்பக் காலம் பெரும்பாலும் ஆண்டின் கடைசி மாதங்களில் வரும். டெல்டாவில் அது அடைமழைக் காலம், சம்பாவில் களையெடுப்பு நடக்கும் காலம். 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது நாகை, திருவாரூர், தஞ்சைக் கிராமங்கள் பல வாரக்கணக்கில் மின்சாரம் இல்லாமல் கிடந்தன. எந்த விண்ணப்பத் தேதியும் அதற்காகக் காத்திருப்பதில்லை. இப்படி ஒரு பயிற்சி இருப்பதே எனக்கு முதுநிலை இரண்டாம் ஆண்டில்தான் தெரியும். அதற்குள் காலம் கடந்திருந்தது.

எல்லாம் தெரிந்து, எல்லாவற்றையும் வென்று உள்ளே போனவர்களுக்கு என்ன நேர்ந்தது என்பதையும் மறக்க முடியாது. அறிவியல் எழுத்தாளராக வேண்டும் என்பது ரோஹித் வெமுலாவின் எதிர்காலத் திட்டம். 2016 ஜனவரியில் அவர் விட்டுச்சென்ற கடிதத்தில், தனக்கு வர வேண்டிய ஏழு மாத உதவித்தொகை பற்றியும் எழுதியிருந்தார். 2025இல் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்குத் தேர்வான 106 பேரில் 40 பேருக்குத்தான் முதலில் கடிதம் வந்தது. மற்றவர்களுக்கு ‘நிதி இருந்தால் பார்க்கலாம்’ என்றது ஒன்றிய அரசு. பல்கலைக்கழகத்தில் இடம் பிடித்துவிட்டு, நிதிக்காக வாசலில் நிற்கும் பிள்ளையிடம் போய் ‘எதிர்காலத் திட்டம் என்ன?’ என்று எப்படிக் கேட்பது?

ஆகவே கோரிக்கைகளைத் தெளிவாக வைப்போம். 2006, 2019 சட்டங்களின் விலக்குப் பட்டியல்கள் நீக்கப்பட வேண்டும். ஆய்வு உதவித்தொகை சம்பளம்போல மாதம்தோறும் வர வேண்டும். கோடைப் பயிற்சிக்குத் தேர்வாகும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவர்களுக்குப் பயணச் செலவையும் முதல் மாதச் செலவையும் மாநில அரசு முன்பணமாகக் கொடுக்க வேண்டும். போய் வந்தபின் ரசீது காட்டி வாங்கிக்கொள் என்றால், வட்டிக்கு வாங்கித்தான் ரயில் ஏற வேண்டும். ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும், ஆதிதிராவிடர் நல விடுதியிலும் முதலாண்டிலிருந்தே இந்த விண்ணப்பங்களைத் தமிழில் விளக்கி எழுத வைக்க ஒருவர் பொறுப்பாக இருக்க வேண்டும்.

அரசுக்குச் சொன்னது போதும், நமக்கும் ஒன்று. நம் இரவுப் பாடசாலைகள் பத்தாம் வகுப்போடும் பன்னிரண்டோடும் நின்றுவிடுகின்றன. பிள்ளை கல்லூரியில் சேர்ந்ததும் கரை சேர்ந்துவிட்டதாக நினைத்துக்கொள்கிறோம். நடுத்தண்ணீர் அங்கேதான் தொடங்குகிறது. வெளியூர்களிலும் வெளிநாடுகளிலும் ஆய்வு செய்யும் நம் தோழர்கள் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு ஒரு மாணவருக்குக் குறிப்பு எழுத உதவினால் போதும். ஐயர்களுக்கு அறிமுகக் கடிதங்கள் இருந்தன. நமக்கு இயக்கம் இருக்கிறது.

அந்தத் தங்கை போன மாதம் ஒரு நாற்பது பக்க நோட்டைக் கொண்டுவந்து காட்டினார். அப்பாயி பாடுவதை நாள் போட்டுக் கைபேசியில் பதிவு செய்கிறார். எந்தப் பாட்டில் சொல் தப்புகிறது, எதில் தப்பவில்லை, மெட்டில்லாமல் சொல்லச் சொன்னால் என்ன ஆகிறது என்று கட்டம் போட்டு எழுதியிருக்கிறார். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. எந்த ஆண்டு மலரிலும் இந்தச் சாதனை வராது. இந்த முறை விண்ணப்பத்தை நாங்கள் இருவரும் சேர்ந்து நிரப்புகிறோம். அவருடைய கல்லூரியிலிருந்து பரிந்துரைக் கடிதம் ஒன்றுதான் பாக்கி. வாங்கிவிடுவோம்.