மடிக்கணினிக்கு அடியில் ஒரு மின்விசிறி தேவையா?

மடிக்கணினி வாங்கச் சென்றால், பை, மவுஸ் ஆகியவற்றோடு ‘கூலிங் பேடு’ ஒன்றையும் கடைக்காரர் எடுத்து வைக்கிறார். சிறு விசிறிகள் பொருத்திய ஒரு தட்டு. விலை சில நூறு ரூபாயில் தொடங்கி, ஆயிரங்களிலும் செல்கிறது. மின்னஞ்சல், இணைய வகுப்பு, வங்கிக் கணக்கு, அலுவலகக் கணக்கு என்ற அளவில் கணினியைப் பயன்படுத்தும் இல்லங்களுக்கு இச்செலவு வீண் என்றே நாம் கருதுகிறோம்.

வெப்பத்தைப் பற்றிய அச்சம் பொய்யன்று. பிராசசர் மிகவும் சூடேறினால், தன்னைக் காத்துக்கொள்ளத் தன் வேகத்தைத் தானே குறைத்துக்கொள்ளும். தொடர்ந்த சூட்டில் லித்தியம் பேட்டரியின் ஆயுளும் தேயும். தவணையில் வாங்கிய கணினிக்கு, தவணை முடியுமுன்பே புதுப் பேட்டரி வாங்க நேர்ந்தால் அது சிறிய இழப்பன்று.

ஆனால் இத்தட்டு செய்வது என்ன? அறையில் உள்ள காற்றையே அள்ளி வீசுகிறது. பல மடிக்கணினிகள் 35 டிகிரி செல்சியஸ் வரையிலான சூழலுக்கென வடிவமைக்கப்பட்டவை. மே மாதத்து நாகபுரியிலோ தில்லியிலோ அறைக்குள்ளேயே அந்த அளவு தாண்டிவிடுகிறது. அங்கே தட்டு வீசுவதும் அனற்காற்றுதான். மேலும், கணினியின் அடியில் காற்றுத் துளைகள் உள்ள இடத்திற்கு நேராகத் தட்டின் விசிறி அமைந்தால்தான் முழுப் பயன் கிட்டும். 2020 இறுதியில் வெளிவந்த எம்1 மேக்புக் ஏரில் உள்விசிறியே இல்லை. அதன் மேல்தோலைத் தட்டு சற்றுக் குளிர்விக்கலாம், அவ்வளவே. தட்டுக்கான மின்சாரமும் பெரும்பாலும் யூ.எஸ்.பி. வழியாக அதே கணினியிலிருந்துதான் செல்கிறது என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

நம் வீடுகளில் சூட்டிற்கு முதற்காரணம் மெத்தையும் தலையணையும்தான். அவற்றின் மேல் வைத்தால் துளைகள் அடைபடுகின்றன. மேசையிலோ, ஒரு மரப்பலகையிலோ வைத்து, பின்விளிம்பை இரண்டு விரற்கடை உயர்த்தினாலே காற்று தாராளமாகப் புகும். துளைகளை மறைக்காதவாறு பழைய புத்தகம் ஒன்றை முட்டுக்கொடுத்தால் போதும், செலவில்லை. அடுத்த காரணம் தூசி. இரண்டு, மூன்று ஆண்டுகள் ஓடிய கணினியில் விசிறி ஓயாது இரைந்தால், பழுதுபார்ப்பவரிடம் கொடுத்து உட்புறத்தைத் தூய்மை செய்து, தெர்மல் பேஸ்டையும் மாற்றச் சொல்வதே முறை. தட்டுக்கு ஒதுக்கிய பணம் இதற்குச் செல்லட்டும்.

விலக்கு உண்டு. மணிக்கணக்கில் காணொளி தொகுப்போர், கனமான விளையாட்டுகள் ஆடுவோர், பொறியியல் வரைபட மென்பொருளோடு உழலும் மாணவர்கள் ஆகியோருக்கு நல்ல தட்டு பயன்தரும். அவர்களும் கணினியைத் திருப்பிப் பார்த்துத் துளைகளின் இடத்தை அறிந்துகொண்ட பிறகே வாங்க வேண்டும்.

டச்பேடு மேலெழும்பினாலோ, அடிப்பகுதி புடைத்தாலோ பேட்டரி உப்பியிருக்கக்கூடும். அந்நிலையில் எந்தத் தட்டும் உதவாது. மின்னேற்றத்தை உடனே நிறுத்திவிட்டுச் சேவை மையத்தை அணுக வேண்டும்.