அடுக்களையில் சீனம், அலமாரியில்?

தம்பி!

பொன்மலைப் பட்டறைக்குப் புறப்படும் தொழிலாளி வீட்டிலே அடுப்பில் சீனச்சட்டி, தேநீரில் சீனி. அடுக்களைவரை வந்துவிட்ட சீனம், அலமாரிக்கு வந்ததா?

1281இல் சீனத்துச் சுவான்சௌ துறைமுகத்திலே, சிவன் கோயிலுக்குத் தமிழிலே கல்வெட்டுப் பொறித்தனர் நம் முன்னோர். 1963இல் பீக்கிங் வானொலி தமிழில் ஒலிக்கத் தொடங்கிற்று. அதற்கெனச் சீனர் தமிழ் பயின்றனர். தைவான் கவிஞர் யூசி, குறளைச் சீனமாக்கினார். நாமோ, சீன எழுத்தைப் பெரும்பாலும் ஆங்கிலவழியே பெற்றோம். இரவல் கண்ணாடி!

'பயணி' விதிவிலக்கு. 305 பாடல்கள் கொண்ட பழஞ்சீனத் தொகையினின்று தேர்ந்தெடுத்து, சீனத்திலிருந்தே நேராகத் தமிழாக்கினார். 2012இல் வந்த அந்தக் 'கவித்தொகை' நம் படிப்பகங்கள் எத்தனையில் உண்டு?

“எல்லையிலே பகை, அவன் ஏடு எதற்கு?” என்பார் உளர். 1962ஐ மறந்தோமில்லை. எதிரே நிற்பவன் எண்ணத்தை அறியாதிருப்பதா வீரம்?

சீன நூல்களுக்கென்றே ஓர் இணைய இதழ் காண்போம், பொன்மலையிலிருந்தே. அச்சுக்கூலி இல்லை, அஞ்சல் செலவில்லை. ஆனால் மூலத்தோடு ஒப்பிட்டுப் பிழை சொல்ல, சீனம் கற்ற ஒருவர் வேண்டுமே! கல்லூரியைப் பாதியிலே விட்டவன் நான். நாடகம் எழுதுவேன், சீனம் அறியேன். முதல் மதிப்புரையை நான் எழுதுகிறேன். திருத்தும் அளவுக்குச் சீனம் கற்க, நீ வருகிறாயா?