வேலை போனவர் வேலை தருகிறார்!

மக்களே, நம்ம சீனியர் அண்ணா ஒருத்தருக்கு ஐடி வேலை போச்சு. மூணே மாசத்துல ஒரு லேப்டாப், ரெண்டு சிம் கார்டோட கன்சல்டன்சி ஆரம்பிச்சுட்டார். சந்தோஷம். சும்மா உட்காராம தொழில் தொடங்கினவரைக் குறை சொல்ல நான் யாரு?

ஆனா நம்ம கிளாஸ் பசங்ககிட்டயே "ரிஜிஸ்ட்ரேஷன் ஃபீஸ் 2,000 ரூபாய்"னு கேட்டாரு பாருங்க, அங்கதான் எனக்குக் கோபம்.

இந்தத் தொழிலோட கணக்கு ரொம்ப சிம்பிள். ஆள் தேவைப்படறது கம்பெனிக்கு. அதனால காசும் கம்பெனிதான் தரணும். இங்க வழக்கமா சொல்ற ரேட் வருஷச் சம்பளத்துல 8.33 சதவீதம், அதாவது ஒரு மாசச் சம்பளம். 6 லட்சம் சம்பளத்துக்கு ஆள் பிடிச்சுக் கொடுத்தா சுமார் 50,000 ரூபாய். அதுவும் ஆள் சேர்ந்த பிறகுதான். பாதியில ஓடிட்டா வேற ஆள் தரணும். கஷ்டம்தான், ஒத்துக்கறேன்.

அதுக்காக? வேலை தேடறவங்ககிட்ட கட்டணம் வாங்கக்கூடாதுன்னு சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 1997-லயே தன்னோட 181-வது உடன்படிக்கையில எழுதி வெச்சிருக்கு. இந்தியா அதை ஏற்கலைங்கறதால நியாயம் மாறிடுமா?

"முதல் காசு வர மாசக்கணக்காகும், இஎம்ஐ யார் கட்டுவா?"ங்கறார். அண்ணா, உங்களுக்கு வேலை போன மாசம் யாராவது வந்து 2,000 கேட்டிருந்தா எப்படி இருந்திருக்கும்? அந்த பயம் தெரிஞ்ச நீங்களே அதை வெச்சு சம்பாதிக்கலாமா?

கம்பெனி வாசல்ல ஏறி இறங்குங்க. நாங்க ரெஸ்யூமே தர்றோம். காசு தர மாட்டோம்.