வெஸ்லியின் மூன்றாவது விதி

'நலம், நலமறிய ஆவல்' என்று தொடங்கும் ஒரு கடிதத்திலிருந்து மதக் கோட்பாட்டை உருவாக்க முடியுமா? முடியும் என்று காட்டியவர் அமெரிக்காவின் ஓரல் ராபர்ட்ஸ். 1947-ல் அவர் ஒக்லஹோமாவில் பணமுடையில் இருந்த ஒரு போதகர். ஒருநாள் காலை பைபிளைத் திறந்தபோது யோவானின் மூன்றாம் நிருபம் கண்ணில் பட்டது. ஆன்மாவைப் போலவே உடலும் மற்றதும் நன்றாயிருக்கட்டும் என்று நண்பருக்குச் சொல்லும் முகமன் வரி அது. அந்தக் காலத்துக் கடிதங்களில் வழக்கமாக இடம்பெறுவதுதான். ராபர்ட்ஸ் அதைக் கடவுளின் வாக்குறுதியாகப் படித்தார். விசுவாசிகள் வசதியாக வாழ்வதே தெய்வ சித்தம் என்ற முடிவுக்கு வந்தார். கையோடு புதிய பியூக் கார் ஒன்றையும் வாங்கினார்.

பிறகு நடந்தது உலகறிந்தது. 80 லட்சம் டாலர் சேராவிட்டால் கடவுள் தன்னை அழைத்துக்கொள்வார் என்று 1987-ல் அவர் அறிவித்தார். பணம் சேர்ந்தது. அதில் 13 லட்சம் டாலர் கொடுத்தவர், நாய்ப் பந்தய மைதானங்களின் உரிமையாளர். 2018-ல் லூசியானா போதகர் ஜெஸ்ஸி டுப்ளான்டிஸ், ஊழியத்துக்கு ஜெட் விமானம் வேண்டும் என்று விசுவாசிகளிடம் கேட்டார். விலை 5.4 கோடி டாலர். அது அவருடைய முதல் விமானமும் அல்ல.

'செழிப்பு உபதேசம்' எனப்படும் இதைப் பேராசை என்று ஒதுக்கிவிடுவது எளிது. ஆனால் ராபர்ட்ஸ் 1968-ல் சேர்ந்தது மெத்தடிஸ்ட் சபையில் என்பது யோசிக்க வைக்கிறது. பணத்தைப் பற்றி வேறு எந்த புராட்டஸ்டன்ட் தலைவரையும் விட அதிகம் கவலைப்பட்டவர், மெத்தடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி (1703-1791).

பணத்தை எப்படிப் பயன்படுத்துவது என்ற பிரசங்கத்தை அவர் 1760-ல் அச்சிட்டார். அதற்கு ஆதாரம் லூக்கா 16-ம் அதிகாரம். அங்கே வரும் 'மாமோன்' என்ற அரமேயச் சொல்லைப் பழைய தமிழ் பைபிள் 'உலகப்பொருள்' என்றது. 1995-ல் வந்த திருவிவிலியம் 'செல்வம்' என்கிறது. மொழிபெயர்ப்பே பிழைப்பாகிவிட்டதால் சொல்கிறேன், எனக்குப் பழையதே பிடிக்கிறது. செல்வத்தில் என்ன குற்றம்? கல்விச்செல்வம், மழலைச்செல்வம் எல்லாம் நமக்கு உண்டு. உலகப்பொருளோ உலகத்திலேயே விட்டுவிட்டுப் போக வேண்டியது என்பதைச் சொல்லிலேயே வைத்திருக்கிறது.

வெஸ்லி மூன்று விதிகளைச் சொன்னார்: முடிந்தவரை சம்பாதிப்பது, முடிந்தவரை மிச்சம் பிடிப்பது, முடிந்தவரை கொடுப்பது. முதல் விதிக்கு அவர் போட்ட நிபந்தனைகள் கடுமையானவை. உடலைக் கெடுக்கும் தொழில் கூடாது. அடுத்தவரின் வியாபாரத்தை அழிப்பதற்காகச் சந்தை விலைக்குக் கீழே விற்கக் கூடாது. சாராயம் விற்பவர்களை விஷம் வைப்பவர்கள் என்றே சொன்னார். கட்டணத்துக்காக நோயை இழுத்தடிக்கும் வைத்தியர்களையும் அவர் விடவில்லை. மிச்சம் பிடிப்பது என்றால் வங்கியில் போடுவதல்ல. இங்கிலாந்து வங்கியில் போடுவதும் மண்ணில் புதைப்பதும் கடலில் எறிவதும் அவருக்கு ஒன்றுதான். மிச்சம் பிடிப்பதே கொடுப்பதற்காக.

பேச்சோடு நிற்கவில்லை. ஆக்ஸ்போர்டில் ஓர் இளைஞரின் வரவு செலவு என்று அவர் ஒரு கணக்கு சொல்கிறார். அது அவருடைய கணக்கேதான் என்பது பொதுவான கருத்து. வருமானம் 30 பவுண்டாக இருந்தபோது 28 செலவு, 2 தானம். அடுத்த ஆண்டு வருமானம் 60. செலவு அதே 28, தானம் 32. வருமானம் 120 ஆனபோதும் செலவு 28தான். 1776-ல் வரி அதிகாரிகள் வீட்டு வெள்ளிச் சாமான்களுக்குக் கணக்குக் கேட்டார்கள். லண்டனில் இரண்டு கரண்டி, பிரிஸ்டலில் இரண்டு கரண்டி, அவ்வளவுதான். சுற்றிலும் ஜனங்கள் ரொட்டிக்கு இல்லாமல் இருக்கும்போது மேற்கொண்டு வாங்குவதாயில்லை என்று பதில் எழுதினார்.

அதற்காக அவர் வறுமையைக் கொண்டாடியவர் அல்ல. 1746-ல் லண்டனில் ஏழைகளுக்காக ஒரு கடன் நிதி தொடங்கினார். மூன்று மாதத்தில் திருப்பித் தர வேண்டும். முதல் ஆண்டிலேயே 250 பேர் பயனடைந்தார்கள். பின்னாளில் இந்த நிதியிலிருந்து 5 பவுண்டு வாங்கியவர்களில் ஜேம்ஸ் லாக்கிங்டன் என்ற செருப்புத் தொழிலாளியும் ஒருவர். பழைய புத்தகக் கடை வைத்து, லண்டனின் மிகப்பெரிய புத்தக வியாபாரிகளில் ஒருவராகி, சொந்தக் குதிரை வண்டியில் போகும் நிலைக்கு உயர்ந்தார். வழியில் மெத்தடிஸ்டுகளை விட்டு விலகி, 1791-ல் வந்த சுயசரிதையில் அவர்களைக் கேலியும் செய்தார். (1804-ல் அதற்காக வருந்தி இன்னொரு புத்தகம் எழுதினார், ஜெபக்கூடங்கள் கட்டினார்.)

வெஸ்லி பயந்தது இதற்குத்தான். பக்தி வந்தால் உழைப்பும் சிக்கனமும் வரும். அவை வந்தால் பணம் வரும். பணம் வந்தால் கர்வம் வந்து பக்தி போகும். 1786-ல் அவர் எழுதிய இந்தக் கருத்தை மாக்ஸ் வெபர், முதலாளித்துவத்துக்கும் புராட்டஸ்டன்ட் அறத்துக்கும் உள்ள தொடர்பை ஆராய்ந்த தன் புகழ்பெற்ற நூலில் எடுத்தாண்டார். இந்தச் சுழலிலிருந்து வெளியேற வெஸ்லி கண்ட ஒரே வழி மூன்றாவது விதி. 1789-ல், 86 வயதில், டப்ளினில் அவர் கேட்டார்: 50,000 மெத்தடிஸ்டுகளில் அந்த விதியைக் கடைப்பிடிப்பவர்கள் 500 பேராவது தேறுவார்களா?

செழிப்பு உபதேசத்திலும் கொடுப்பது உண்டு. காணிக்கையை 'விதை' என்று சொல்லப் பழக்கியதும் ராபர்ட்ஸ்தான். விதைத்தால் நூறு மடங்கு விளையும். மாற்கு 10-ம் அதிகாரத்தில் நூறு மடங்கு வாக்குறுதி இருப்பது உண்மை. அதே வசனத்தில் துன்புறுத்தல்களும் சேர்த்தே வாக்களிக்கப்பட்டிருக்கின்றன. மேடையில் அந்தப் பகுதி எப்படியோ விட்டுப்போகிறது. வெஸ்லியிடம் பணம் போகும் வரிசை வேறு: உனக்குத் தேவையானது, உன் வீட்டாருக்குத் தேவையானது, பிறகு சக விசுவாசிகள், பிறகு எல்லா மனிதரும். கொடுத்தவருக்கே திரும்பி வருவது என்று ஒன்று அதில் இல்லை. கொடுப்பது முதலீடானால் மூன்றாவது விதி முதலாவதுக்குள் போய்விடுகிறது; கூட்டத்தில் கடைசி நோட்டை உறையில் போடும் கூலித் தொழிலாளிக்கு அந்த வித்தியாசத்தை யாரும் சொல்வதில்லை.

வெஸ்லி 1791 மார்ச் 2-ல் இறந்தார். சவ வண்டி வேண்டாம், ஆடம்பரம் எதுவும் வேண்டாம் என்று உயிலில் எழுதியிருந்தார். உடலைச் சுமந்து செல்லும் ஆறு ஏழைகளுக்குத் தலைக்கு ஒரு பவுண்டு ஒதுக்கியிருந்தார்.